தை மாதத்தில் ஜன்னல் மூடியிருக்கும்

2020 பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த திங்கட்கிழமை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவர், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு என் அறைக்கு வந்தார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், தை கடைசியில் முகூர்த்தம். பத்திரிகையை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“மேடம், நகைக்கடைக்கு இன்னும் பாக்கி இருக்கு. நம்ம கம்பெனி ஷேர் கொஞ்சம் வெச்சிருக்கேன். அத வித்துடலாம்னு பாக்கறேன். அதுக்கு உங்க அப்ரூவல் வேணுமாமே?”

“இப்ப முடியாது சார். விண்டோ மூடியிருக்கு. ரிசல்ட் வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான்.”

“அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சுடுமே மேடம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். “என் ஷேர். என் பொண்ணு கல்யாணம். நான் என்ன ரகசியத்தத் திருடியா விக்கறேன்?”

அவர் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் டிசம்பர் காலாண்டுக் கணக்கு அவர் கைவழியாகத்தான் ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. லாபம் கூடியதா குறைந்ததா என்று ஊருக்குத் தெரியும் முன்னால் தெரிந்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உள்வணிகத் தடை விதிகள் எழுதப்பட்டதே அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, விவரம் தெரிந்த ஊழியர்களும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாரும் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. இதைத்தான் விண்டோ மூடியிருக்கிறது என்போம். மற்ற நாட்களிலும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால், கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆபீசர் நான்.

அவர் மனைவியின் நகையை வங்கியில் வைத்து, மச்சினரிடம் கைமாத்தும் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார். நான் போயிருந்தேன். வாசலில் நின்று, “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க என்னை உறுத்தியது வேறு விஷயம். விண்டோ மூடப்போகிறது என்று டிசம்பர் கடைசியில் எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தேன். விதி எண்ணோடு, சட்ட ஆங்கிலத்தில், ஐந்து பத்தி. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தாலும், தன் பெண்ணின் கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குப் புரிந்திருக்காது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். டிசம்பர் காலாண்டு ரிசல்ட்டுக்குக் கெடு 45 நாள், அதாவது பிப்ரவரி 14 வரை. தை முழுக்க அதில் அடங்கிவிடுகிறது. வருஷக் கணக்குக்கு 60 நாள், மே 30 வரை. சித்திரை முழுசும் வைகாசியில் பாதியும் அதில் போய்விடும். அக்டோபரிலும் நவம்பர் முதல் பாதியிலும் ஐப்பசி, தீபாவளிச் செலவு. கெடுவின் கடைசி நாளில் ரிசல்ட் போடும் கம்பெனியில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஜன்னல் மூடியே கிடக்கும். நம் ஊரில் குடும்பத்துக்குப் பணம் தேவைப்படும் மாதங்களும், சட்டம் விற்கக்கூடாது என்கிற மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த வருஷம் முதல் கார்த்திகை பிறந்ததும் தமிழில் ஒரு மெயில் போக ஆரம்பித்தது. “தை மாதம் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள், பங்கு விற்கும் எண்ணம் இருந்தால் டிசம்பர் 20க்குள் என்னிடம் வாருங்கள். ஜனவரியில் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.” பங்குனிக்கு முன்னாலும் அதே போல ஒன்று. ஆள் வர ஆரம்பித்தார்கள். வெளிவராத முக்கியத் தகவல் எதுவும் கையில் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தேன். ஏழு வர்த்தக நாளுக்குள் விற்றாக வேண்டும், விற்றால் ஆறு மாதம் திரும்ப வாங்கக் கூடாது என்பதையும் வாயால் சொல்லி அனுப்பினேன். இருபத்தைந்து வருஷ வேலையில் நான் செய்ததிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் அந்தக் கார்த்திகை மெயிலைத்தான் சொல்வேன்.

இந்த வேலை இப்படி ஒரு வேலையாக ஆரம்பிக்கவில்லை. நான் தொண்ணூறுகளில் ஒரு கம்பெனியின் செக்ரட்டேரியல் டிபார்ட்மென்டில் சேர்ந்தபோது, ‘கம்ப்ளையன்ஸ் ஆபீசர்’ என்றால் ஷேர் டிரான்ஸ்ஃபர் பார்ப்பவர். பங்குச் சந்தையோடு கம்பெனி போட்டுக்கொள்ளும் லிஸ்டிங் ஒப்பந்தத்தில் 47ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது: கம்பெனியின் சட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரியே கம்ப்ளையன்ஸ் ஆபீசர், பங்கு மாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று கவனித்து ஒவ்வொரு போர்டு மீட்டிங்கிலும் சொல்ல வேண்டும். மேஜை நிறைய டிரான்ஸ்ஃபர் டீடுகள். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழைய கார்டுகள். டிவிடெண்ட் வாரண்ட் வரவில்லை என்று கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதும் இன்லண்ட் லெட்டர், பதில் தாமதமானால் அடுத்த வாரம் இன்னொன்று. காலாண்டு முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் போவோம். படிவங்களைத் தூக்கிக்கொண்டு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் கம்பெனிப் பதிவாளர் கவுண்டரில் நிற்போம். சீல் விழுந்த நகல் கைக்கு வந்தால் கம்ப்ளையன்ஸ் முடிந்தது.

1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. காகிதமாக இருந்த பங்குப் பத்திரம் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறி, அதாவது டீமேட் ஆகி, டிரான்ஸ்ஃபர் மேஜை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. 2006இல் கம்பெனித் துறை ஃபைலிங்கை ஆன்லைனுக்கு மாற்றியது, சாஸ்திரி பவன் வரிசையும் போயிற்று. அப்போது எங்களில் பலர், இனி நமக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று பேசிக்கொண்டோம்.

2009 ஜனவரி 7 அந்தப் பேச்சை மாற்றியது. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கம்பெனிக் கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று தன் போர்டுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஆபீசில் அதை ஃபேக்ஸ் காகிதத்தில் படித்தது நினைவிருக்கிறது. யாரும் உட்காரவில்லை, நின்றபடியே மாற்றி மாற்றிப் படித்தோம். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான், டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அந்தப் போர்டு சம்மதித்து, முதலீட்டாளர்கள் கொந்தளித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கியிருந்தது. அந்தக் கம்பெனியில் சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள். கணக்கைக் கண்காணிக்கும் போர்டின் ஆடிட் கமிட்டி இருந்தது. கார்ப்பரேட் ஆளுகைக்காக 2008இல் கோல்டன் பீகாக் விருதுகூட வாங்கியிருந்தது, பிறகு அது பறிக்கப்பட்டது. நாங்கள் வருஷா வருஷம் டிக் அடிக்கும் அதே பட்டியலை அவர்களும் டிக் அடித்திருந்தார்கள். எல்லாப் படிவமும் உரிய நாளில் போய்ச் சேர்ந்த ஒரு கம்பெனியில் பணம் மட்டும் இல்லை. எனக்கு அன்று வந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதன் பிறகு வந்தவை எல்லாம் சேர்ந்துதான் இன்றைய வேலை. 2013 கம்பெனிச் சட்டம் செக்ரட்டரியை ‘முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்’ ஆக்கியது. சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று போர்டுக்கு அறிக்கை கொடுப்பது செக்ரட்டரியின் கடமை என்று 205ஆம் பிரிவில் எழுதியது. 2015இல் செபியின் லிஸ்டிங் விதிகளும் புதிய உள்வணிக விதிகளும் வந்தன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், இப்போது தனிநபர் தரவுச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வி எங்கள் மேஜைக்குத்தான் வருகிறது.

ஆங்கிலச் சொல்லையே பேசிப் பழகிவிட்டோம். பத்திரிகைகளில் ‘இணக்க அதிகாரி’ என்று எழுதுகிறார்கள். சட்டத்துக்கு இணங்குவது என்ற பொருளில் சரிதான். ஆனால் நம் வீடுகளில் ‘இணங்கிப் போ’ என்றால் எதிராளி சொல்வதற்குத் தலையாட்டு என்று பொருள். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் சொல்வது. அந்தச் சொல்லைச் சூட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நம்மை வேலைக்கு வைத்தவரிடம் ‘முடியாது ஐயா’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படிச் சொன்ன ஒரு நாள். பின்னால் நான் இருந்த ஒரு கம்பெனி, இன்னொரு கம்பெனியை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் பங்கு விலை துள்ளும் தகவல். அந்தத் தகவல் யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை பான் எண்ணோடு ஒரு டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றியதைத் திருத்த முடியாதபடி நேர முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. பேச்சு வார்த்தைக்கு வந்தவர்களின் பட்டியல் எனக்கு வந்தது. எம்.டி.யின் மைத்துனர் இரண்டு கூட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியும். பட்டியலில் அவர் இல்லை.

“அவர் பேர் எதுக்கும்மா? நம்ம வீட்டு ஆளு.”

“வீட்டு ஆளுங்கறதாலதான் சார் கேக்கறேன்.”

“சரி, டீல் முடியட்டும். அப்புறம் அன்னிக்குத் தேதியப் போட்டு ஏத்திக்கலாம்.”

“நான் எப்ப ஏத்தினாலும் அது ஏத்தின நேரத்தத்தான் காட்டும் சார். நான் நினைச்சாலும் மாத்த முடியாது.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மைத்துனரின் பான் எண்ணைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. குடும்பக் கம்பெனியில் வளர்ந்தவர், வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே கோடு எங்கே என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. அன்று என்னைக் காப்பாற்றியதில் என் தைரியத்துக்குப் பங்கு கொஞ்சம்தான். விதியை எழுதியவர்கள், இப்படி ஒருவர் இப்படி ஒரு நாள் கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து, நான் மனசு வைத்தாலும் இணங்க முடியாதபடி செய்துவைத்திருந்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், அப்படி ஒரு துணை இல்லாத இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குச் சில வருஷம் முந்தி, வேறு ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். தலைமைப் பொறுப்பில் இருந்தவரின் உறவினர் நிறுவனத்தோடு ஒரு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஆடிட் கமிட்டியின் அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது. அஜெண்டாவில் சேர்த்தேன். மறுநாள் டிராஃப்ட் திரும்பி வந்தபோது அந்த ஐட்டம் மேல் கோடு போட்டிருந்தது. நேரில் போய்க் கேட்டேன். “அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்” என்றார்கள். அடுத்த மீட்டிங்கிலும் அதே கோடு. அந்த மார்ச்சில் என் அப்ரைசல் வந்தது. அதைப் போட்டவர், கோடு போட்டவர். ‘டீமோடு ஒத்துப் போவதில்லை’ என்று ஒரு வரி.

ஆடிட் கமிட்டித் தலைவர் வெளியாள், நேர்மையானவர், என்னை மகள் மாதிரி விசாரிப்பவர். அவர் நம்பர் என் போனில் இருந்தது. மூன்று இரவு அந்த நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது, பையன் பத்தாவது. போன் செய்தால், தலைக்கு மேல் போய்ப் புகார் சொன்னவள் என்று ஆகும். சென்னையில் எங்கள் தொழில் சின்ன வட்டம். கடைசியில் ராஜினாமா கடிதம் எழுதினேன். காரணம்: சொந்தக் காரணங்கள். அந்தத் தலைவருக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வங்கியில் கம்ப்ளையன்ஸ் தலைவராக இருக்கும் என் தோழியிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை, தன் வங்கியில் எப்படி நடக்கிறது என்று சொன்னாள். ரிசர்வ் வங்கி 2007இலேயே வங்கிகளுக்குக் கம்ப்ளையன்ஸ் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிருந்தது. 2020 செப்டம்பரில் அதை இறுக்கியது. தலைமைக் கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்குக் குறைந்தது மூன்று வருஷப் பதவிக் காலம். நடுவில் மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால் போர்டின் முன் அனுமதி வேண்டும். வியாபாரப் பிரிவு எதற்கும் அவர் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது, அவருக்கு வியாபார இலக்கு எதுவும் தரக் கூடாது, வேறு பொறுப்பைத் தலையில் கட்டக் கூடாது. அவர் எம்.டி.யிடம் ரிப்போர்ட் செய்கிறார் என்றால், போர்டின் ஆடிட் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். எம்.டி. உட்பட நிர்வாகத்தார் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

“முதல் தடவை எம்.டி. நாற்காலிய தள்ளிட்டு எழுந்து போனப்ப எனக்குக் கை நடுங்கிச்சு” என்றாள். “சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா அடுத்த காலாண்டும் அந்த நாள் வரும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

நான் மூன்று இரவு செய்யாமல் விட்ட அந்தப் போன், அவளுடைய நாட்காட்டியில் வருஷத்துக்கு நான்கு முறை தானாக வருகிறது. யாரும் யாருடைய தலைக்கு மேலும் போக வேண்டியதில்லை. சந்திப்பு விதிப்படி நடக்கிறது, அதில் என்ன பேசினாள் என்று யாருக்கும் சந்தேகம் வராது. 2022இல் இதே மாதிரியான ஏற்பாட்டைப் மேல் அடுக்கு, நடு அடுக்கு என்பிஎஃப்சிகளுக்கும் (வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும்) ரிசர்வ் வங்கி விரித்தது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, அதாவது லிஸ்டட் கம்பெனிகளில் வேலை செய்யும் எங்களுக்கு? 2023இல் செபி, கம்ப்ளையன்ஸ் ஆபீசர் இடம் காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்றது. 2024 டிசம்பரில், அவர் முழுநேர ஊழியராக, போர்டுக்கு ஒரு படிக்கு மேல் கீழே போகாதவராக, முக்கிய நிர்வாகப் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். வருஷக்கணக்கில் பல கம்பெனிகளில் செக்ரட்டரியை ஃபைனான்ஸ் தலைவருக்குக் கீழே நாலாவது ஆளாக வைத்திருந்தார்கள். ஆனால் படி உயர்ந்திருக்கிறதே தவிர, அந்தப் படியில் நிற்பவருக்குப் பிடிமானம் வரவில்லை. பதவிக் கால உத்தரவாதம் கிடையாது. ஆடிட் கமிட்டியைத் தனியாகச் சந்திக்கும் கட்டாய ஏற்பாடு கிடையாது. நியமிப்பது போர்டு தீர்மானம் என்பது சட்டம். சம்பளமும் அப்ரைசலும் யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பொறுப்போ ஏறிக்கொண்டே போகிறது. படிவம் தவறினால் பதிவாளர் விதிக்கும் அபராதம் கம்பெனிக்குத் தனி, எங்களுக்குத் தனி, எங்களுடையது எங்கள் சொந்தப் பணத்திலிருந்து. 2021 ஐடி விதிகள், 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் ஒரு தலைமைக் கம்ப்ளையன்ஸ் ஆபீசரை வைக்க வேண்டும், தவறு நடந்தால் அவர் மீதே வழக்குப் பாயலாம் என்றன. அமெரிக்காவில் மணிகிராம் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் முன்னாள் தலைமைக் கம்ப்ளையன்ஸ் ஆபீசர், பணமோசடியைத் தடுக்கத் தவறியதற்காக 2017இல் இரண்டரை லட்சம் டாலர் கட்டி, மூன்று வருஷம் அந்த வேலையே பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார். தவறு செய்தவர் தண்டனை பெறட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த அறைக் கதவுக்குச் சாவி கொடுக்காமல், உள்ளே நடந்ததை ஏன் தடுக்கவில்லை என்று கேட்பதுதான் பொறுக்கவில்லை.

எங்களுக்கும் அந்தத் தனிச் சந்திப்பு வேண்டும் என்றால் ஒரு சீனியர் ஒப்புக்கொள்ள மாட்டார். “செக்ரட்டரின்னா எம்.டி.யோட நம்பிக்கைக்கு உரியவனா இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கதவச் சாத்திட்டுப் பேசினா அந்த நம்பிக்கை போயிடும்” என்பார். அவர் பேச்சில் விஷயம் உண்டு. பாதி வேலை நடப்பதே, எம்.டி. மனசு விட்டு, ‘இத எப்படிம்மா செய்யறது?’ என்று கேட்பதால்தான். ஆனால் நம்பிக்கையைக் காப்பாற்ற ஒருவர் வாயைப் பூட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றால், நான் அந்தக் குத்தகை விஷயத்தில் இருந்ததுதான் சரி என்று ஆகிறது. அது சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

2023 ஜூலையிலிருந்து இன்னொரு விதி. லிஸ்டட் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் ராஜினாமா செய்தால், அவர் கொடுத்த கடிதத்தை, சொன்ன காரணங்களோடு, ராஜினாமா அமலுக்கு வந்த ஏழு நாளுக்குள் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் படிக்கிறேன், ராத்திரி சாப்பாடு ஆனதும் அது ஒரு பழக்கமாகிவிட்டது. சொந்தக் காரணங்கள். வேறு நல்ல வாய்ப்பு. குடும்பச் சூழல். பலது உண்மையாகவே இருக்கும். நடுவில் சில கடிதம், சேர்ந்து எட்டு மாதம், பத்து மாதம் என்று வரும்போது கை அங்கேயே நின்றுவிடுகிறது.

போன மாதம் என்னிடம் பயிற்சி எடுத்த பெண் ஒருத்தி ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள். இப்போது ஒரு நடுத்தரக் கம்பெனியில் செக்ரட்டரி.

“மேடம், பேப்பர் போடறேன். லெட்டர்ல என்ன ரீசன் எழுதறதுன்னு கேக்கத்தான் போன் பண்ணேன். பர்சனல்னு எழுதினா போதும்ல?”

“நிஜமாவே பர்சனலா?”

பதில் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வேறு ஒப்பந்தம், வேறு உறவினர், அதே கோடு. குத்தகை கதையை, மூன்று இரவை, அந்த நம்பரை அவளிடம் முழுசாகச் சொன்னேன். அதுவரை என் வீட்டுக்காரரையும் தோழியையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை. உன் ஆடிட் கமிட்டி சேர்மன் எப்படி என்று கேட்டேன். ரிட்டயர்டு ஆபீசர், அதிகம் பேச மாட்டார் என்றாள்.

“அவர் பேச வேண்டாம். நீ பேசு. ஒப்பந்தத் தேதி, ரெண்டு அஜெண்டா டிராஃப்ட், எல்லாத்தையும் எதிர்ல வெச்சுக்கோ. அபிப்ராயம் சொல்லாத. நடந்தத மட்டும் சொல்லு.”

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது. நாற்பது நிமிஷம் கேட்டாராம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், ‘இதை ஏம்மா முதல் மீட்டிங்கிலேயே என்னிடம் சொல்லல?’ என்று. வியாழக்கிழமை கமிட்டியைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். அஜெண்டாவை அவளே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ராஜினாமா கடிதம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.